கோமதியின் பலூன்கள்

ஆகஸ்ட் 4

என் மனைவி அரசியின் புதுப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் இன்று என் மேசைக்கு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் வாரப் பத்திரிகைகளில் சிரிப்புப் படம் போட்டவள். பத்திரிகைகள் ஒவ்வொன்றாகக் கடையை மூடிவிட்டதால் இப்போது முழுநீளப் படக்கதை வரைகிறாள். சென்னையில் ஒரு பதிப்பகம் கேட்டிருக்கிறது. ஜனவரி புத்தகக் கண்காட்சிக்கு வந்தாக வேண்டும். வேலை முடியும்வரை குறித்துவைக்கலாம் என்று இந்த டைரியை எடுத்தேன். அச்சகத்தில் எப்போதோ கொடுத்தது. கிழமை பொருந்தாது, தேதி பொருந்தும்.

எங்கள் வேலை முறை இது. அவள் கட்டம் போட்டுப் படம் வரைந்து மை ஏற்றுவாள். பேசுகிறவர் தலைக்கு மேல் பென்சிலில் பலூன் போட்டு, உள்ளே வசனத்தையும் பென்சிலில் கிறுக்கித் தருவாள். நான் அதை மையில் எழுதி, பலூனுக்கு வெளிக்கோடு இழுத்து முடிப்பேன். அவள் கையெழுத்து கோழி கிண்டியது மாதிரி இருக்கும். சிவகாசி அச்சகத்தில் நான் எழுத்து வேலை பார்த்த காலத்தில் அவள் படங்கள் தபாலில் வரும். வசனத்தை அழித்து நான் திருப்பி எழுதுவேன். என் எழுத்தைப் பார்த்துத்தான் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள் என்று உறவில் சொல்வார்கள். படத்தைப் பார்த்து நான் அவளைக் கட்டிக்கொண்டதாக யாரும் சொன்னதில்லை. படத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை. அது என் வேலை அல்ல.

புத்தகத்தின் பெயர் 'கோமதி கிளம்பினாள்'. தலைப்பே கதையைச் சொல்லிவிடுகிறது. நல்ல தலைப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 7

கோமதிக்கு ஒரு கணவர் இருக்கிறார். பெயர் சபாபதி. தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை. எனக்கு மீசை கிடையாது. தாலுகா ஆபீஸுக்கு நான் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனதோடு சரி. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கோயம்புத்தூரிலிருந்து மகள் தேன்மொழி போன் செய்து, "அப்பா, அம்மா கதையில நீங்களும் வர்றீங்களாமே?" என்றாள். மேற்கண்ட விவரங்களைச் சொன்னேன்.

சபாபதி தினமும் சாப்பிட்டு எழும்போது "உப்பு சரியா இருக்கு" என்று சொல்கிறார். நான் அப்படிச் சொல்வதில்லை. உப்பு சரியாக இருந்தால் நான் எதுவுமே சொல்வதில்லை.

ஆகஸ்ட் 11

காலையில் இட்லி சாப்பிடும்போது அரசி ஒரு செய்தி சொன்னாள். பெங்களூரில் ஓர் ஓவியக் கல்லூரியில் படக்கதை சொல்லித்தர அவளைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு வருட வேலை, ஜனவரி கடைசியில் சேர வேண்டும், தங்க இடம் தருவார்கள். நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"அங்க குளிருமே" என்றேன்.

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். என் தட்டில் இன்னும் ஓர் இட்லி இருந்தது.

ஆகஸ்ட் 19

இரண்டாவது அத்தியாயம். கோமதிக்குப் போட்டிருக்கும் பலூன்கள் சின்னதாக இருக்கின்றன. ஆறு வார்த்தை வசனத்துக்கு நாலு வார்த்தை இடம். சபாபதிக்கோ, "டவல் எங்கே?" என்று கேட்பதற்குப் பூசணிக்காய் அளவு பலூன். நடுவில் இரண்டு வார்த்தையை எழுதிவிட்டுச் சுற்றிலும் வெள்ளையாக விட வேண்டியிருக்கிறது. அரசிக்கு இவ்வளவு வருடத்தில் அளவு பிசகியதே இல்லை. கண்ணைச் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி எப்படியோ முடித்தேன்.

ஆகஸ்ட் 30

கத்தரிக்காய் வாங்கினேன். இரண்டில் பூச்சி. பெங்களூர் பற்றிப் பேசவில்லை.

செப்டம்பர் 10

மூன்றாவது அத்தியாயம் இன்னும் மோசம். கோமதி பலூனில் எறும்புதான் எழுத முடியும். போய்க் கேட்டேன்.

"அரசி, இவ்வளவு சின்னதாப் போட்டா எப்படி? வசனத்தக் கொஞ்சம் கொறைச்சுக்க."

"கோமதியும் அதத்தான் செய்றா" என்றாள், தாளிலிருந்து பிரஷ்ஷை எடுக்காமலே.

கதையைப் பற்றிப் பேசுகிறாளா, என் கேள்விக்குப் பதில் சொல்கிறாளா என்று தெரியவில்லை. வரையும்போது அவள் பாதி இங்கே இருப்பாள், பாதி அங்கே இருப்பாள். தொந்தரவு செய்யக் கூடாது என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14

தேன்மொழி மறுபடியும் போன்.

"அம்மா பெங்களூர் போறாங்களா இல்லையாப்பா?"

"தெரியலம்மா. சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"சொல்லணும்னா அவளே சொல்வா."

"நீங்களும் கூடப் போவீங்களா?"

"என்னக் கூப்பிடல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 23

ஒரு முடிவுக்கு வந்தேன். தொழிலில் இருப்பவன் கண்முன்னால் தவறு நடக்கும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அரசி மூன்று நாளாகத் தங்கை வீட்டு விசேஷத்தில் இருக்கிறாள். அவளுக்கு அலைச்சல் வைக்காமல் நானே சரிசெய்துவிட்டேன்.

பலூனைச் சுற்றி வெள்ளை மை பூசி, காய்ந்ததும் பலூனைப் பெரிதாக்கி, எல்லா வசனத்தையும் நல்ல அளவில் எழுதினேன். மூன்றாவது அத்தியாயம் முழுக்க. நான்காவதிலும் முக்கால்வாசி. இடம் எங்கிருந்தாவது வர வேண்டும் அல்லவா? பெரும்பாலும் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டேன். சில இடத்தில் ஜன்னல் போயிற்று. சில கட்டங்களில் கோமதியின் முகம் பாதி மறைகிறது. முகம் அடுத்த கட்டத்தில் திரும்ப வருகிறது. ஆகவே வாசகருக்கு நஷ்டமில்லை.

இப்போது கோமதி பேசுவது தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் படிக்கலாம். எனக்குத் திருப்தி.

செப்டம்பர் 26

அரசி வந்ததும் பக்கங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"எத்தனை பக்கத்துல இப்படிச் செஞ்சீங்க?"

சொன்னேன். "சுத்தமாத்தான் செஞ்சிருக்கேன். பூசின தடமே தெரியாது."

"ஆமா, தெரியல" என்றாள். முகம் மறைந்த ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். விரலில் மை ஒட்டவில்லை. நன்றாகக் காய்ந்திருந்தது.

"எடம் பத்தாமப் போகணும்ங்க. பக்கத்துக்குப் பக்கம் அவ பேசுறதுக்கு எடம் கொறஞ்சுக்கிட்டே வரணும். கடைசியில 'ம்'னு சொல்லத்தான் எடம் இருக்கணும். அதான் கதையே."

"இத ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"படத்துலதான சொல்லியிருக்கேன்."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை போட்டிருப்பேன். பக்கங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெள்ளை மை பூசினால் அடியில் இருப்பது திரும்ப வராது. எல்லாவற்றையும் அவள் புதிதாக வரைய வேண்டும்.

செப்டம்பர் 27

ரசம். சுட்ட அப்பளம். பேச்சு இல்லை.

செப்டம்பர் 28

அதேதான். அப்பளம் மட்டும் பொரித்தது.

அக்டோபர் 9

பதிப்பகத்து ரெஜினா போன் செய்தது. சின்னப் பெண், மரியாதையாகப் பேசும்.

"ஆவுடையப்பன் சார், பக்கங்க வர லேட்டாகுதே. உங்களுக்கு ஏன் சிரமம்? மேடம் படத்த மட்டும் அனுப்பட்டும். எழுத்த நாங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்கறோம். நெறைய நல்ல ஃபாண்ட் வந்திருக்கு சார்."

போனை அரசியிடம் கொடுத்தேன். இதே பேச்சு ஜூன் மாதமே வந்தது. அப்போது, "எங்க வீட்டுக்காரர் எழுதலைன்னா புத்தகமே இல்ல" என்று அந்தப் பெண்ணிடம் ஒரே போடாகப் போட்டாள். இன்று முழுவதும் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்மா" என்றாள்.

யோசிக்கட்டும். கம்ப்யூட்டர் வெள்ளை மை பூசாது. அந்த விதத்தில் நல்லதுதான். நிப்புகளை எல்லாம் கழுவித் துடைத்து டப்பாவில் போட்டேன். மதியம் தூங்கலாம் என்று படுத்தேன். வரவில்லை.

அக்டோபர் 17

இன்றைய குறிப்பு நீளமாக இருக்கும்.

அரசி திருப்பி வரைந்த பக்கங்கள் தயாராகிவிட்டன. பலூன்களுக்குள் எதுவும் எழுதவில்லை, பென்சிலில்கூட. எழுத்து யார் போடுவது என்று முடிவாகாததால் விட்டுவைத்திருக்கிறாள். தடித்த தாள் தீர்ந்துபோனதால் காலை பஸ்ஸில் மதுரைக்குக் கிளம்பினாள். வீட்டில் எனக்கு வேலை இல்லை. பக்க எண்ணாவது போட்டுவைப்போம் என்று எல்லாவற்றையும் கூடத்தில் வரிசையாகப் பரப்பினேன். நாற்காலியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது.

பலூனில் எழுத்து இல்லை என்றால் ஒரு பக்கத்தில் எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தேன்.

முதல் அத்தியாயத்தில் கோமதி கட்டத்துக்கு நடுவில் நிற்கிறாள். போகப் போக ஓரத்துக்கு வருகிறாள். மூன்றாவதில் அவளுடைய தோள் கட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. சபாபதி நடுவிலேயே இருக்கிறார். அவர் பேப்பர் படிக்கிறார், நகம் வெட்டுகிறார், கணக்குப் பார்க்கிறார். கோமதி பேசும் எந்தக் கட்டத்திலும் நிமிரவில்லை. ஒரு கட்டத்திலாவது நிமிர்ந்திருப்பார் என்று திரும்ப முதலிலிருந்து தேடினேன். முட்டி வலித்தது. இல்லை.

பிறகு அவருடைய கையைப் பார்த்தேன். படம் போடுகிறவர்களுக்குக் கை வரைவது பெரிய தொல்லை. அச்சகத்தில் நான் பார்த்த ஓவியர்கள் எல்லாம் கையைச் சட்டைப் பைக்குள் விடுவார்கள், துண்டால் மூடுவார்கள், கட்டத்துக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். அரசி ஒரு கட்டத்தில்கூட அப்படித் தப்பிக்கவில்லை. சபாபதியின் வலது கை ஒவ்வொரு முறையும் முழுதாக இருக்கிறது. நடுவிரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, பேனா அழுத்திக் காய்த்துப்போன மேடு. கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கிறது. தாலுகா ஆபீஸில் எழுதுகிறவருக்கும் விரல் காய்க்கும். ஆனால் என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒருவரைப் பிடிக்காவிட்டால் அவர் கையை இவ்வளவு சிரத்தையாக யாரும் வரைய மாட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. வந்தது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் அரசி தாள் சுருளோடு உள்ளே வந்தவள், கூடம் முழுக்கப் பக்கங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். மறுபடியும் பூசிவிட்டேனோ என்று பயந்திருப்பாள்.

"சின்ன நிப்பு வாங்கணும்" என்றேன்.

"எதுக்கு?"

"கோமதிக்கு. இருக்கிறதுல எழுதினா 'ம்' கூட உள்ள அடங்காது."

தாளை மேசையில் வைத்தாள். பக்கங்களை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து போய், ரெஜினாவுக்குப் போன் செய்தாள். ஃபாண்ட் வேண்டாம் என்று சொல்வது சமையல்கட்டுவரை கேட்டது. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 29

புது நிப்பு தாளைக் கிழிக்கப் பார்க்கிறது. பழகிவிட்டது. கோமதியின் பலூனில் இன்று எழுதியவை: "சரி." "வெச்சிருக்கேன்." "ம்." "ம்." "ம்."

இதை எழுதுவது சிரமமாக இருக்கிறது. நிப்பைச் சொல்லவில்லை.

நவம்பர் 16

கடைசிப் பக்கம் வந்தது. ஒரே பெரிய கட்டம். கோமதி கையில் பையோடு வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். சபாபதி உள்ளே நிற்கிறார், நாம் பார்ப்பது அவர் முதுகை. முதல் தடவையாக அவர் தலை நிமிர்ந்திருக்கிறது. அவருக்கு மேலே ஒரு பலூன். உள்ளே ஒன்றுமில்லை.

"வசனம் எழுத விட்டுப்போச்சு, அரசி."

"விடல. அந்த எடத்துல அவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியல. நீங்களே எழுதுங்க."

"நான் கதை எழுதுறவன் இல்லியே."

"அது தெரியும்."

"தப்பா எழுதிட்டா?"

"தப்பா எழுதினா தப்பான புத்தகமா வரும். அவ்வளவுதான்."

மாதக் கடைசியில் பக்கங்கள் சென்னைக்குப் போக வேண்டும். பெங்களூருக்குப் பதிலும் போக வேண்டும். இரண்டாவதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 19

தனித்தாளில் எழுதிப் பார்த்தவை.

"போகாதே." ஆணையிடுகிற மாதிரி இருக்கிறது. அவள் பை எடுத்தாயிற்று.

"எப்ப வருவே?" சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்பதுபோல் இருக்கிறது. சபாபதி கேட்டால் உண்மையிலேயே அதைத்தான் கேட்பார்.

"உடம்பைப் பார்த்துக்கோ." வழியனுப்பியே விட்டார்.

"அங்கே குளிரும்." இதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாளைக் கிழித்தேன்.

நவம்பர் 22

சொல்ல ஒன்றும் கிடைக்காததால் இன்றும் படத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. கோமதி காலில் செருப்பு இல்லை. பைக்குப் பூட்டு போட்டிருக்கிறது, குடை இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இருக்கிறது. செருப்பு மட்டும் வாசல் ஓரத்தில் இருக்கிறது, ஒன்றன்மேல் ஒன்றாக.

மறதியாக இருக்கலாம் என்று பழைய பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். ரேஷன் கடைக்குப் போகும்போது செருப்பு போட்டிருக்கிறாள். கோலம் போடும்போது போடவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. அரசி மறக்கிறவள் அல்ல.

நவம்பர் 25

காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்து, யோசிக்காமல் மையிலேயே எழுதிவிட்டேன்.

"செருப்பு போடலியே நீ."

அரசியைக் கூப்பிட்டேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். குனிந்து படித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு எங்கேயோ வழியில் மாறிவிட்டது. மூக்கை உறிஞ்சினாள்.

"படத்தப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

இன்னொரு முறை படித்தாள். "நல்லாருக்கு. இவர் இதத்தான் சொல்வார். ஆனா பாதிப் பலூன் காலியாக் கெடக்கே."

உண்மைதான். அந்தப் பலூனில் ஒரு கடிதமே எழுதலாம். பேனாவை மையில் தொட்டேன். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்க, முதல் வரிக்குக் கீழே எழுதினேன்.

"நானும் கூட வரட்டுமா?"

பேசுவதற்கு அரசிக்கு இடம் வேண்டும் என்று நான் சும்மா இருந்தேன்.

"கேக்குறது சபாபதியா, நீங்களா?"

"நான்தான்" என்றேன்.

எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க ஒரே ரூம்தான் குடுப்பாங்களாம். என் மேசை போட்டா நடக்கவே எடம் இருக்காது."

"நான் சமையல்கட்டுல உக்காந்து எழுதிக்கிறேன்."

"என்னத்த எழுதுவீங்க? அங்க போயி நான் பாடம் நடத்தணும். அடுத்த கதை எப்ப வரைவேன், வரைவேனான்னே எனக்குத் தெரியாது."

"எழுத வேலை இல்லைன்னா நீ வரையிறதப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

பக்கத்தை மை காய்வதற்காக ஜன்னலோரம் நகர்த்திவைத்தாள். திரும்பி வந்து, "பேனாவ மூடுங்க, பேசுவோம்" என்றாள்.

மூடினேன். மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசினோம். பேசியதை இங்கே எழுதவில்லை.